ஓக்லஹோமாவுக்கு ஏழாவது பட்டம், எல்எஸ்யூ வியாழனே வீட்டுக்கு: என்சிஏஏ ஜிம்னாஸ்டிக்ஸ் 2025 முழு விவாதம்

சாக்பவுடர்
முடிந்தது மக்களே, என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஃபைனல். ஓக்லஹோமா 198.0125, யூசிஎல்ஏ 197.6125, மிசோரி 197.2500, யூட்டா 197.2375. ஃபோர்ட் வொர்த் டிக்கீஸ் அரீனாவில் போன வருடம் நம்பர் ஒன்னாக வந்து, முதல் ரொட்டேஷனிலேயே (கருவிச் சுற்று) வால்ட்டில் (ஓடி வந்து மேசை தாண்டுவது) ஆளாளுக்குத் தடுமாறி செமியோடு வெளியேறிய அதே அணி, அதே அரங்கத்தில் ஒரு வருடம் கழித்துக் கோப்பையைத் தூக்கியிருக்கிறது. பயிற்சியாளர் கே.ஜே. கிண்ட்லர் முகத்தைப் பார்த்தீர்களா? அந்த அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

2014 (ஃப்ளோரிடாவோடு பகிர்ந்தது), 2016, 2017, 2019, 2022, 2023, இப்போது 2025. ஆக ஏழு. 2006இல் அயோவா ஸ்டேட்டிலிருந்து கிண்ட்லர் நார்மனுக்கு (ஓக்லஹோமா பல்கலைக்கழக ஊர்) வந்தபோது இந்த அணியிடம் ஒரு தேசியப் பட்டம்கூடக் கிடையாது.

சரி, ஆரம்பியுங்கள். யார் யாருக்கு என்ன வயிற்றெரிச்சலோ இங்கேயே கொட்டிவிடலாம்.

புலிக்குட்டி
வயிற்றெரிச்சல்தானே கேட்டீர்கள், இந்தாருங்கள். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) நடப்பு சாம்பியன், இந்த வருடம் எஸ்இசி (தென்கிழக்குக் கல்லூரிகளின் லீக்) சாம்பியன்ஷிப்பை 198.200 போட்டு ஓக்லஹோமாவையே தாண்டி எடுத்தது, தரவரிசையில் நம்பர் ஒன். வியாழக்கிழமை செமியில் 197.5250 எடுத்து மூன்றாவதாக வந்து மூட்டை கட்டியது. யூட்டா 197.7625, யூசிஎல்ஏ 197.7375. சரி, அவர்கள் நன்றாக ஆடினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு செமியில் மிசோரி 197.300 எடுத்து இரண்டாவதாக உள்ளே போகிறது! எங்கள் ஸ்கோரோடு அந்தப் பக்கம் இருந்திருந்தால் நாங்கள்தான் ஃபைனலில். இது என்ன நியாயம்?

ஹேலி பிரையன்டுக்கும் அலியா ஃபினெகனுக்கும் இதுதான் கடைசி மீட். அவர்கள் இரண்டு பேரும் இந்த வருட ஃபைனலில் ஒரு பீம்கூட (கட்டை மேல் ஆடுவது) ஆடாமல் கல்லூரி வாழ்க்கையை முடித்துக்கொண்டார்கள். நான் இன்றைக்கு ஃபைனலைப் பார்த்தேன்தான், ஆனால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

கணக்குவாத்தியார்
புலிக்குட்டி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எட்டு அணி, இரண்டு செமி, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு என்று வைத்தால் ஒரு பக்கம் கனமாகவும் இன்னொரு பக்கம் லேசாகவும் விழத்தான் செய்யும். ஆனால் இரண்டு செமியின் ஸ்கோரையும் நேராக ஒப்பிட முடியாது நண்பா. வேறு வேறு ஜட்ஜ் மனநிலை, வேறு கூட்டம், பக்கத்தில் ஆடும் அணி எப்படிப் போகிறது என்பது வரைக்கும் மார்க்கில் தெரியும். மிசோரி இருந்த செமியில் ஓக்லஹோமாவே 197.550தான் எடுத்தது. அதே ஓக்லஹோமா இன்றைக்கு 198.0125. இரண்டு நாளில் திடீரென்று நன்றாக ஆடக் கற்றுக்கொண்டார்களா? அந்தச் செமி இறுக்கமாக மார்க் போட்ட செமி, அவ்வளவுதான்.

புலிக்குட்டி
அப்படியானால் முதல் நான்கு ஸ்கோரை எடு என்று சொல்வதும் தப்பு, இப்போதிருக்கும் முறையும் தப்பு. வேறு என்னதான் செய்யலாம்?

கணக்குவாத்தியார்
வருடம் முழுக்க ஆடியதற்கு ஏதாவது மதிப்புக் கொடுக்கலாம். ஐபிஎல்லில் லீகில் முதல் இரண்டு இடத்தில் வந்தவனுக்கு ஒரு தோல்வி மன்னிக்கப்படுகிறது, முதல் குவாலிஃபயரில் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. இங்கே ஜனவரியில் இருந்து வாராவாரம் ஆடி, நல்ல ஆறு ஸ்கோரை எடுத்து (அதில் குறைந்தது மூன்று வெளியூரில் ஆடியதாக இருக்க வேண்டும்), உச்ச ஸ்கோரைத் தள்ளிவிட்டு மீதி ஐந்தின் சராசரி போட்டு ரேங்க் கொடுக்கிறார்கள். அவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டுக் கிடைத்த நம்பர் ஒன், சீடிங்கைத் தவிர வேறு எதற்கும் பயன்படுவதில்லை. 2024இல் நம்பர் ஒன் ஓக்லஹோமா செமியில் அவுட். 2025இல் நம்பர் ஒன் எல்எஸ்யூ செமியில் அவுட். தொடர்ந்து இரண்டு வருடம்.

பீம்பைத்தியம்
அதுதானே சுவாரசியம்! நம்பர் ஒன்னே வருடாவருடம் ஜெயித்தால் யார் பார்ப்பார்கள்? பழைய சூப்பர் சிக்ஸ் ஃபைனலில் ஆறு அணி, ஒவ்வொன்றுக்கும் காத்திருப்புச் சுற்று, ராத்திரி முடியவே முடியாது. 2019இல் நான்கு அணி என்று குறைத்த பிறகுதான் டிவியில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஆனது.

அப்புறம் யாராவது ஹெலன் ஹூவைப் பற்றிப் பேசப் போகிறீர்களா இல்லையா? மிசோரி முதன்முறையாக ஃபைனலுக்கு வந்திருக்கிறது, முதல் முயற்சியிலேயே மூன்றாவது இடம், பீமில் தனிநபர் பட்டமும் அவர்களுக்கு. அந்தப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டு, திரும்பி வந்து ஒரு வருடம் ஆடி, தேசிய சாம்பியன். பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டையில் அவள் உடம்பு வளைகிற வளைவைப் பார்த்தால் எனக்கு முதுகு வலிக்கிறது. மற்றவர்கள் பீமில் தப்பிக்கப் பார்ப்பார்கள், இவள் அங்கேயே குடியிருக்கிற மாதிரி நிதானமாக ஆடுவாள். ஒவ்வொரு அசைவும் முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். எனக்கு இந்த வருடத்தின் சிறந்த ரொட்டீன் (ஒருத்தி ஒரு கருவியில் ஆடும் முழு ஆட்டம்) அதுதான், யார் என்ன சொன்னாலும்.

புதுசுதான்நான்
மன்னிக்கவும், நான் இந்த வருடம்தான் பார்க்க ஆரம்பித்தேன், பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜோர்டன் சைல்ஸைப் பார்த்துவிட்டு வந்த கூட்டம். ஹூ எப்போது பட்டம் வாங்கினாள்? ஃபைனல் முடிந்து மெடல் எதுவும் கொடுக்கவில்லையே?

சாக்பவுடர்
தனிநபர் பட்டமெல்லாம் வியாழக்கிழமை செமியிலேயே தீர்ந்துவிடும் சகோ. சனிக்கிழமை அணிக்கு மட்டும்தான். ஆல்-அரவுண்ட் (நான்கு கருவியும் சேர்த்து) ஓக்லஹோமாவின் ஜோர்டன் பவர்ஸ், 39.7125. வால்ட் எல்எஸ்யூவின் கைலின் சியோ, பார்ஸ் (இரட்டைக் கம்பி) யூசிஎல்ஏவின் சைல்ஸ், பீம் ஹூ, ஃப்ளோர் (தரை ஆட்டம்) யூசிஎல்ஏவின் புரூக்லின் மூர்ஸ். சியோவை நினைத்துப் பாருங்கள். முதல் வருட மாணவி, தேசிய சாம்பியன் ஆன அதே ராத்திரி அணி வெளியே போகிறது.

புதுசுதான்நான்
நன்றி. இன்னொரு சந்தேகம். ஒலிம்பிக்கில் 14, 15 என்று ஸ்கோர் வருகிறது, இங்கே 10தான் உச்சம். ஏன்?

கணக்குவாத்தியார்
2006 முதல் சர்வதேசப் போட்டிகளில் பழைய பத்து போய்விட்டது. எவ்வளவு கடினமாக ஆடுகிறாயோ அதற்கு ஒரு மார்க், எவ்வளவு சுத்தமாக ஆடுகிறாயோ அதற்கு ஒரு மார்க், இரண்டையும் கூட்டுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பத்தை விடவே இல்லை. இங்கே ஒரு அளவுக்கு மேல் கடினமாக ஆடிப் பலன் இல்லை, சுத்தம்தான் சோறு போடும். வால்ட்டில் யுர்சென்கோ என்ற தாவலில் ஒன்றரை சுற்று ஆடினால் 10.0 இல் தொடங்கலாம், ஒரு சுற்று மட்டும் ஆடினால் 9.95 இல் தொடங்கும். அதனால்தான் எல்லாரும் ஒன்றரைக்கு ஓடுகிறார்கள், அப்புறம் லேண்டிங்கில் ஒரு எட்டு வைத்துவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள்.

ஒரு கருவிக்கு ஆறு பேர் ஆடுவார்கள், நல்ல ஐந்து மட்டும் எண்ணப்படும். ஆக ஒருத்தி விழுந்தாலும் அணி பிழைத்துக்கொள்ளும், இரண்டாவது ஆள் விழுந்தால் கதை முடிந்தது. ஒரு கருவிக்கு 50, மொத்தம் 200.

ரெட்ராக்ஸ்செந்தில்
எல்லாரும் பேசி முடித்துவிட்டீர்களா? இப்போது நான் அழலாமா?

யூட்டா. 2021இல் மூன்றாவது. 2022இல் மூன்றாவது. 2023இல் மூன்றாவது. 2024இல் மூன்றாவது. இந்த வருடமாவது மூன்றாவது வேண்டாம் கடவுளே என்று வேண்டிக்கொண்டேன். நான்காவது கொடுத்துவிட்டார். 0.0125 வித்தியாசத்தில்.

கடைசியாக என்சிஏஏ பட்டம் ஜெயித்தது 1995. முப்பது வருடம் ஆகிறது. எங்கள் அரங்கம் ஹன்ட்ஸ்மன் சென்டரில் பதினைந்தாயிரம் பேர் கத்துவார்கள், தேசியப் போட்டிக்கு ஒரு வருடம்கூடத் தவறாமல் போகிற ஒரே அணி, ஆனால் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் ஏதாவது ஆகிவிடும்.

கணக்குவாத்தியார்
செந்தில், புண்ணில் உப்பு வைப்பதாக நினைக்காதே, ஆனால் அந்த 0.0125 எவ்வளவு சின்னது என்று சொல்லியே ஆக வேண்டும்.

நேஷனல்ஸில் ஒரு கருவிக்கு ஆறு ஜட்ஜ். உச்ச மார்க்கும் அடி மார்க்கும் தள்ளப்பட்டு, நடுவில் உள்ள நான்கின் சராசரிதான் ஸ்கோர். ஒரு ஜட்ஜ் 0.05 கூட்டியோ குறைத்தோ போட்டால் சராசரியில் அது நாலில் ஒரு பங்காகிறது, அதாவது 0.0125. வழக்கமான மீட்டில் இரண்டே ஜட்ஜ் என்பதால் 0.025க்குக் கீழே வித்தியாசம் வராது. நேஷனல்ஸில் மட்டும்தான் இந்த நாலு இலக்க தசமக் கூத்து.

இப்போது பார். நான்கு கருவி, கருவிக்கு ஐந்து எண்ணப்படும் ரொட்டீன், ரொட்டீனுக்கு நான்கு எண்ணப்படும் மார்க். மொத்தம் எண்பது மார்க். அந்த எண்பதில் ஒரே ஒரு மார்க் 0.05 கூடுதலாக இருந்திருந்தால் மிசோரியும் யூட்டாவும் சமம். 0.05 என்றால் லேண்டிங்கில் குதிகால் லேசாக நகர்வது. இல்லை, கால்விரல் நீட்டாமல் விடுவது.

ரெட்ராக்ஸ்செந்தில்
உப்பு வைக்கவில்லை என்றாய், மிளகாய்த் தூளையும் சேர்த்து வைத்திருக்கிறாய். நன்றி.

டல்லாஸ்வாசி
நான் அரங்கத்தில் இருந்தேன், மேல் அடுக்கு. டிவியில் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளில் ஆட்டம் ஓடும். பாட்டு ஃப்ளோருக்கு மட்டும்தான். ஆக ஒரு பெண் பீம் ஏறிக் கையைத் தூக்கி நிற்கும்போது, அந்தப் பக்கம் சைல்ஸ் ஃப்ளோரில் இருந்தால் மொத்தக் கூட்டமும் அங்கே ஆடிக்கொண்டிருக்கும். பீமில் இருப்பவள் காதில் விழுவது தன் அணிக்காரிகள் ஏழெட்டுப் பேர் கத்துகிற சத்தம் மட்டுமே. மிசோரிப் பெண் ஒருத்தி இறங்கி ஸ்டிக் பண்ணியபோது (கால் நகராமல் நின்றபோது) அரங்கத்தில் முக்கால்வாசிப் பேர் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். அவள் அணி மட்டும் அவள் மேல் விழுந்து புரண்டது.

ஓக்லஹோமா பெண்கள் சுற்றுக்குச் சுற்று ஸ்கோர்போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருவி மாறும்போது சாக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள், அவ்வளவுதான். போன வருட வால்ட்டுக்கு அப்புறம் யாரோ அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நீலத்தங்கம்
அதுதான் ஓக்லஹோமாவோடு பிரச்சினை. இயந்திரம். யூசிஎல்ஏ இரண்டாவதாக வந்திருக்கலாம், ஆனால் நாளைக்கு எந்த ரொட்டீனை ஜனங்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள் சொல்லுங்கள்? மூர்ஸ் ஃப்ளோரில் கை அசைக்கிறபோது கீழே ஸ்ப்ரிங் இருப்பதே மறந்துபோகிறது. 2024இல் எங்கள் அணி நேஷனல்ஸ் பக்கமே வரவில்லை, சைல்ஸ் அந்த வருடம் ஒலிம்பிக் பயிற்சிக்காக ஒதுங்கியிருந்தார். ஒரே வருடத்தில் பிக் டென்னில் (எஸ்இசி மாதிரி இன்னொரு கல்லூரி லீக்) முதல் சீசனிலேயே 198.450 போட்டுச் சாம்பியன், இங்கே ரன்னர்-அப். எங்கள் பயிற்சியாளர் ஜனெல் மெக்டொனால்டுக்குச் சிலை வைக்க வேண்டும்.

சாக்பவுடர்
இயந்திரம் என்று சொல்கிறவர்கள் கிண்ட்லர் அமைக்கிற ஃப்ளோர் ரொட்டீன்களைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாவின் உண்மையான திறமையே நடன அமைப்புதான். கத்தாமல் ஆடினால் உணர்ச்சி இல்லை என்று ஆகிவிடுமா? 2019இல் யூசிஎல்ஏவின் கேட்லின் ஓஹாஷியின் ஃப்ளோர் வீடியோ உலகம் பூராவும் ஓடியது, எனக்கும் பிடிக்கும், நூறு தடவை பார்த்திருப்பேன். அந்த வருடம் பட்டம் யாருக்கு? ஓக்லஹோமாவுக்கு. வீடியோ உங்களுக்கு, கோப்பை எங்களுக்கு.

நீலத்தங்கம்
இந்த ஒரு வரியை ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், சலிக்கவில்லையா.

பீம்பைத்தியம்
சண்டை போடாதீர்கள் குழந்தைகளா. ஆனால் நீலத்தங்கம் போட்ட 198.450 ஐப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். பிக் டென்னில் 198.450. ஒரு மாதத்தில் அதே பெண்கள், கிட்டத்தட்ட அதே லைன்-அப், செமியில் 197.7375, ஃபைனலில் 197.6125. எங்கே போனது அந்த முக்கால் புள்ளி? மார்ச்சில் கை தட்டுக்கு மார்க் போடுகிறார்கள், ஏப்ரலில் ஆறு ஜட்ஜ் உட்கார்ந்ததும் குதிகால் நகர்வது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது. எல்லா அணிக்கும் இதே கதைதான், யூசிஎல்ஏவை மட்டும் சொல்லவில்லை. எல்எஸ்யூ எஸ்இசியில் 198.200, இங்கே 197.5250. ஜனவரியிலிருந்தே இப்படி மார்க் போட்டால் என்ன குடியா முழுகிவிடும்? 9.85 எடுத்தால் அது நல்ல ரொட்டீன் என்று ரசிகர்கள் பழகிக்கொள்வார்கள். இப்போது 9.85 என்று போர்டில் வந்ததும் ஏதோ விழுந்துவிட்ட மாதிரிக் கூட்டம் ஊளையிடுகிறது.

டல்லாஸ்வாசி
ஊளை நிஜம். எனக்குப் பின்வரிசையில் ஒரு கும்பல் ஒவ்வொரு 9.85க்கும் ஜட்ஜைத் திட்டியது. அவர்கள் அணியின் பெண் ஒரு முழு எட்டு வைத்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

புலிக்குட்டி
பேச்சு சொந்த அரங்கில் தாராளமாகப் போடும் மார்க் பக்கம் போனால் நான் வாயை மூடிக்கொள்வது நல்லது. எங்கள் பேட்டன் ரூஜ் அரங்கில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியும்.

ஆனாலும் ஃப்ளோரிடாவை யாரும் பேசவில்லையே. அவர்களும் செமியில் 197.200 எடுத்து மிசோரியிடம் ஒரே ஒரு 0.1இல் கோட்டை விட்டார்கள். போன வருட ரன்னர்-அப் கலிஃபோர்னியா இந்த எட்டிலேயே இல்லை. 36 அணி நான்கு ஊர்களில் ரீஜனல் ஆடி எட்டாகச் சுருங்குகிறது, அங்கேயே போய்விட்டார்கள். போன வருடம் ஃபைனல் ஆடிய நான்கு அணியில் (எல்எஸ்யூ, கலிஃபோர்னியா, யூட்டா, ஃப்ளோரிடா) இந்த முறை மிச்சம் இருந்தது யூட்டா மட்டுமே.

ரெட்ராக்ஸ்செந்தில்
மிச்சம் இருந்து என்ன கண்டோம்.

புதுசுதான்நான்
இவ்வளவு ஒலிம்பிக்காரர்கள் கல்லூரியில் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சைல்ஸ், மூர்ஸ் கனடாவுக்கு, ஃபினெகனும் எம்மா மாலபூயோவும் பிலிப்பைன்ஸுக்கு, யூட்டாவின் கிரேஸ் மெக்கல்லம் டோக்கியோவில் வெள்ளி. சிமோன் பைல்ஸ் ஏன் வரவில்லை?

சாக்பவுடர்
வருவதாகத்தான் இருந்தது, யூசிஎல்ஏவுக்கு. 2015இல் தொழில்முறைக்குப் போனார், அந்தக் காலத்து விதிப்படி விளம்பரப் பணம் வாங்கினால் கல்லூரிக்கு ஆட முடியாது. 2021 ஜூலையில்தான் விதி மாறியது. அதனால்தான் டோக்கியோவில் தங்கம் ஜெயித்த சுனி லீ, விளம்பர ஒப்பந்தங்களோடு ஆபர்ன் கல்லூரிக்கும் ஆட முடிந்தது. ஆறு வருடம் முன்னாடி இந்த விதி வந்திருந்தால் பைல்ஸ் நீல லியோடார்டில் பத்துப் பத்தாகக் குவித்திருப்பார்.

நீலத்தங்கம்
இதை ஏன் ஞாபகப்படுத்தினீர்கள். இன்றைக்கு இரண்டாவது தோல்வி எனக்கு.

பீம்பைத்தியம்
டிவிக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். இந்தியாவில் ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கிறோம். ஒரு பெண் பார்ஸில் கடைசி சுற்றுக்குக் கை விடுகிற நேரத்தில் கேமராவைத் திருப்பி, ஏற்கனவே ஆடி முடித்த நட்சத்திரம் தண்ணீர் குடிப்பதைக் காட்டுகிறார்கள். திரும்பி வரும்போது அவள் பாயில் நின்று கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்டிக்கா, எட்டா, யாருக்குத் தெரியும்? அடுத்த நாள் யாராவது அரங்கத்திலிருந்து ஆடிக்கொண்டே எடுத்த வீடியோவைப் போட்டால்தான் தெரியும்.

டல்லாஸ்வாசி, உங்களிடம் மிசோரி பீம் முழுசாக இருக்கிறதா?

டல்லாஸ்வாசி
ஆறில் நான்கு இருக்கிறது. ஹூவுடையது முழுசாக இருக்கிறது, நடுவில் முன்வரிசைக்காரர் ஒருவர் நாச்சோஸ் வாங்கிக்கொண்டு குறுக்கே நடக்கிறார், பொறுத்துக்கொள்ளுங்கள். இரவுக்குள் ஏற்றுகிறேன்.

புலிக்குட்டி
வியாழக்கிழமை செமிக்கும் போயிருந்தீர்களா? பிரையன்டின் கடைசி ரொட்டீன் இருந்தால் அதையும் போடுங்கள். இந்த முறை சத்தத்தோடு பார்க்கிறேன்.

டல்லாஸ்வாசி
செமிக்கு என் மனைவிதான் போனாள். கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் அவள் யூட்டா கட்சி, அந்த ராத்திரி அவள் எடுத்த வீடியோவில் பாதி கூரைதான் தெரிகிறது, குதித்துக்கொண்டே எடுத்திருக்கிறாள்.

ரெட்ராக்ஸ்செந்தில்
அக்காவுக்கு என் வணக்கம். கூரையாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே போடச் சொல்லுங்கள்.